செல்லாத உயிலும் வாரிசுகளின் கடமையும்

நமது சங்க அங்கத்தினர்களின் குடும்பங்களில் பெரியவர் ஒருவர் காலமான பின், பெட்டியிலிருந்து ஒரு காகிதம் எடுக்கப்படுகிறது. ‘எனது காலத்திற்குப் பின் இன்ன சொத்து இன்னாருக்கு’ என்று அதில் எழுதியிருக்கிறது. கீழே அவருடைய கையொப்பமும் இருக்கிறது. ஆனால் சாட்சிகள் இல்லை. அல்லது ஒரே சாட்சிதான் இருக்கிறார். அது சட்டப்படி செல்லாது என்று தெரிந்தவுடன், காகிதத்தால் பயன்பெற இருந்தவர் எல்லாம் போயிற்று என்று கலங்குகிறார். பெயர் இடம்பெறாதவர் எல்லாம் வந்தது என்று எண்ணுகிறார். இரண்டு எண்ணமும் தவறானவை. அக்குழப்பத்தில்தான் தறி நின்றுபோகிறது; நிலம் தரிசாகிறது; உடன்பிறந்தார் வாசல் மாறிப் போகின்றனர்.

உயில் செல்லாமற் போனால் என்ன நேரும், குடும்பத்தார் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும், இறந்தவரின் விருப்பத்தை இன்னமும் நிறைவேற்ற வழியுண்டா என்பவற்றை நெசவாளரும் விவசாயியும் அறிந்திருப்பது அவசியம். அவற்றை இங்கு முறையாக எடுத்துரைக்க முற்படுகிறோம்.

முப்பத்து நான்கு ஆண்டு வழக்கு

மதுரைக்குக் கிழக்கேயுள்ள சிவகங்கைச் சீமையின் வரலாறு இவ்விஷயத்தில் நமக்கு ஒரு பாடம். கம்பெனி ஆட்சியார் 1801-இல் கௌரிவல்லபத் தேவரைச் சிவகங்கை ஜமீன்தாராக அமர்த்தினர். 1829-இல் அவர் ஆண் மகவின்றிக் காலமானார். அதன்பின் ஜமீன் யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. சகோதரர் வழியினர், குடும்பம் பிரியாத குடும்பமாதலால் தமக்கே என்றனர். மனைவி, மகள் தரப்பினரோ, ஜமீன் அவருடைய சுயார்ஜிதம், ஆகையால் தமக்கே என்றனர். மதுரையிலும் சென்னையிலும் நடந்த வழக்கு கடல் கடந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. 1863-இல் மகள் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. குடும்பம் பிரியாததாயினும், ஒருவர் தாமே அடைந்த சொத்து அவருடைய மனைவிக்கும் மகளுக்கும் இறங்கும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இறப்புக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே 34 ஆண்டுகள்! ஜமீனுக்கு அது தாங்கும். ஒற்றைத் தறியும் ஓர் ஏக்கர் நிலமும் உள்ள குடும்பத்துக்குத் தாங்குமா? அக்காலத்துச் சட்டம் இன்று பெரிதும் மாறிவிட்டது. ஆனால் சொத்து இறந்தவருடைய சொந்த சம்பாத்தியமா, முன்னோர் வழி வந்ததா என்ற கேள்வி மட்டும் இன்றும் வழக்குகளின் வாசற்படியாகவே நிற்கிறது. அதைப் பின்னர் விளக்குவோம்.

உண்மையிலேயே செல்லாததுதானா?

காகிதத்தைக் கண்டவுடன் செல்லும் என்றோ செல்லாது என்றோ திண்ணையில் இருந்து தீர்மானித்துவிடலாகாது. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் எழுதும் உயிலுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு சில நிபந்தனைகளை விதிக்கிறது. எழுதியவர் கையொப்பமிட வேண்டும். அல்லது கைநாட்டு வைக்க வேண்டும். அவர் முன்னிலையில் அவர் சொற்படி வேறொருவர் கையொப்பமிடுவதும் செல்லும். இரண்டு சாட்சிகளாவது சான்றொப்பமிட வேண்டும். ஒவ்வொரு சாட்சியும் அவர் ஒப்பமிட்டதை நேரில் கண்டிருக்க வேண்டும். அல்லது ‘இது என் ஒப்பம்தான்’ என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். சாட்சி ஒப்பமிடுவது அவருடைய முன்னிலையிலேயே நடக்க வேண்டும். இரு சாட்சிகளும் ஒரே சமயத்தில் உடனிருக்க வேண்டுமென்பதில்லை. எழுதியவர் மைனராக இருத்தல் ஆகாது. தெளிந்த புத்தியுடன் இருந்திருக்க வேண்டும். வஞ்சித்தோ பலவந்தப்படுத்தியோ எழுதி வாங்கியது செல்லாது.

இவ்வளவுதான் சட்டம் கேட்பது. முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத் தாளே போதும். நோட்டரியின் முத்திரை வேண்டியதில்லை. ரிஜிஸ்தர் செய்வதும் எழுதுபவரின் விருப்பம்; கட்டாயமன்று. ஆகவே ‘பதியாத உயில், ஆகையால் செல்லாது’ என்று சொல்வோரின் சொல்லை நம்பி உரிமையை விட்டுவிட வேண்டாம். அவ்வாறே ‘பதிந்த உயில், ஆகையால் அசைக்க முடியாது’ என்பதும் சரியன்று. பதிந்த உயிலையும் கோர்ட்டில் சாட்சியைக் கொண்டு நிரூபித்தாக வேண்டும். பதிந்த உயிலை எழுதியவரே பின்னால் பதியாத உயில் ஒன்றினால் ரத்துச் செய்துவிட்டுப் போயிருக்கவும் கூடும்.

வழக்கு ஏற்பட்டால் சான்றொப்பமிட்ட சாட்சிகளில் ஒருவரேனும் கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் வந்துள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்திலும் தொடர்கிறது. இரு சாட்சிகளும் இறந்துவிட்டிருந்தால் உயில் அதனாலேயே வீணாகிவிடாது. சாட்சி ஒருவருடைய கையெழுத்தையும் எழுதியவருடைய கையெழுத்தையும் அறிந்தவர்களைக் கொண்டு நிரூபிக்கலாம்.

நிபந்தனைகள் எல்லாம் பூர்த்தியாகியும் சில உயில்கள் நிலைப்பதில்லை. 1958 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கஜேந்திரகட்கர் அளித்த தீர்ப்பு இன்றளவும் இதற்கு வழிகாட்டி. உயிலைச் சுற்றிச் சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலைகள் இருந்தால், உயிலைக் கொண்டு வருபவரே அச்சந்தேகங்களை அகற்றியாக வேண்டும் என்பது அதன் கருத்து. ஒப்பம் நடுங்கித் தடுமாறியிருத்தல், எழுதியவர் புத்தி தளர்ந்திருந்த நிலை, மனைவி மக்களைக் காரணமின்றி விலக்கியிருத்தல், அதிகப் பயன் பெறுபவரே முன்னின்று எழுதி வாங்கியிருத்தல் முதலியன இத்தகைய சூழ்நிலைகள்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. பிற்பட்ட உயில் சாட்சியின்மையால் செல்லாமற் போனால், அதற்கு முன் முறையாக எழுதிய உயிலை அது ரத்துச் செய்யாது, முன்னதே நிற்கும். எனவே பெட்டியை முழுவதும் தேடிப் பார்ப்பதும், சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்பு ஏதும் உயில் பதிந்துள்ளதா என்று இறப்புச் சான்றுடன் சென்று விசாரிப்பதும் முதற்கடமை. கிடைத்த காகிதம் எதையும் கிழிக்கலாகாது, திருத்தலாகாது. பிற்பாடு ஒருவரைச் சாட்சியாகக் கையெழுத்திடச் செய்வது குற்றமாகும்.

செல்லாவிடில் சொத்து யாருக்கு?

உயில் இல்லையென்றால் சொத்து சர்க்காருக்குப் போய்விடும் என்ற அச்சம் கிராமங்களில் உண்டு. வாரிசு என்று ஒருவருமே இல்லாத நிலையில்தான் அவ்வாறு நேரும். சாவி யார் கையில் இருக்கிறதோ அவருக்கே சொத்து என்பதும் சட்டமன்று. உயிலில்லாமல் இறந்தவருடைய சொத்துக்குச் சட்டமே வாரிசுகளைக் குறித்து வைத்திருக்கிறது.

இந்து ஆண் ஒருவர் இறந்தால், 1956 ஜூன் 17 முதல் நடைமுறையிலுள்ள இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, முதல் வகுப்பு வாரிசுகள் அனைவரும் ஒரே சமயத்தில் பாத்தியதை அடைகின்றனர். மனைவிக்கு ஒரு பங்கு. தாய் உயிருடன் இருந்தால் அவருக்கு ஒரு பங்கு. மகன் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. மகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. தகப்பனாருக்கு முன்னரே இறந்துவிட்ட மகனோ மகளோ இருந்தால், அவருடைய கிளைக்கு ஒரு பங்கு. மகள் மணமாகிச் சென்றுவிட்டாள், சீர் செய்தாகிவிட்டது என்பதனால் அவள் பங்கு குறையாது. முதல் வகுப்பில் ஒருவரேனும் இருக்கும்வரை இறந்தவரின் தகப்பனாருக்கோ சகோதரருக்கோ பங்கில்லை. சட்டப்படி செல்லாத மணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும் பெற்றோரின் சொத்தில் உரிமையுண்டு என்பதை 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. அவர்களை மறைத்து வாரிசுச் சான்று பெறுவது நாளைக்கு வழக்கை இன்றைக்கே விதைப்பதாகும்.

பெண் ஒருவர் உயிலின்றி இறந்தால் முறை சற்று வேறு. கணவரும் மக்களும் முதலில் வருகின்றனர். மக்களே இல்லாத பெண்ணுக்குப் பெற்றோர் வழி வந்த சொத்து, அவருடைய தகப்பனாரின் வாரிசுகளுக்கே திரும்பும். கணவர் அல்லது மாமனார் வழி வந்த சொத்து கணவரின் வாரிசுகளுக்குச் செல்லும். கிறிஸ்தவக் குடும்பத்தில், மனைவியும் மக்களும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பாகம், மக்களுக்கு எஞ்சிய இரு பாகம். முஸ்லிம் அன்பர்களுக்கு ஷரியத் முறை பொருந்தும். வாய்மொழி உயிலும் அங்கே செல்லும். ஆனால் மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல் எழுதுவதற்கும், வாரிசுகளில் ஒருவருக்கே எழுதுவதற்கும் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

இனி, முன்பு குறிப்பிட்ட கேள்விக்கு வருவோம். மேற்சொன்ன பங்கு இறந்தவருக்குச் சொந்தமாக இருந்த சொத்துக்கே உரியது. பிதிரார்ஜிதமான கூட்டுக் குடும்பச் சொத்தாயின், அதில் அவருடைய பாகம் எவ்வளவு என்று முதலில் காண வேண்டும். தம் பாகத்தை மட்டுமே ஒருவர் உயில் எழுத முடியும்; முழுவதையும் எழுதியிருந்தால் பாகத்துக்கு மேற்பட்ட அளவுக்கு அது செல்லாது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-இல் மணமாகாதிருந்த பெண்களுக்கும் அதன்பின் பிறந்த பெண்களுக்கும் மாநிலத் திருத்தச் சட்டம் ஆண் மக்களோடு சம பாகம் வழங்கியது. 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியத் திருத்தம் மணமான பெண்கள் உட்பட எல்லாப் பெண்களுக்கும் அதை விரித்தது. அந்த நாளில் தகப்பனார் உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக நடந்து முடிந்த பாகப்பிரிவினையும் விற்பனையும் மாற்றமின்றி நிற்கும்.

சங்கத்தில் உள்ள நியமனம்

நம் அங்கத்தினர்கள் பெரும்பாலும் தவறாக எண்ணியிருக்கும் விஷயம் ஒன்று உண்டு. சங்கத்திலும் பாங்கியிலும் ‘நியமனதாரர்’ என்று ஒருவர் பெயரை எழுதிக் கொடுக்கிறோம். அதுவே உயில் என்று பலர் கருதுகின்றனர். அப்படியன்று. பணத்தைக் கொடுப்பவர் தாமதமின்றி யாரிடம் கொடுத்துத் தம் பொறுப்பிலிருந்து விடுபடலாம் என்பதற்கே நியமனம். பெற்றவர் அதை வாரிசுகளுக்காகக் கையில் வைத்திருப்பவர் ஆகிறார். பாங்கி வைப்புத் தொகையைப் பற்றி 2010-லும், கம்பெனிப் பங்குகளைப் பற்றி 2023 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொல்லியுள்ளது. ஆகவே மூத்த மகன் பெயரில் நியமனம் இருந்ததால் வைப்புத் தொகை முழுவதும் அவனுக்கே என்று கொள்ளலாகாது. அதற்காக நியமனமே வேண்டாம் என்பதுமில்லை. நியமனம் இருந்தால் ஈமக்கடனுக்கும் வீட்டுச் செலவுக்கும் பணம் விரைவில் கைக்கு வரும்.

முதலில் செய்ய வேண்டியவை

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். குடும்பச் சொத்து ஆற்றில் போடுவதன்று. ஆகவே இன்னும் கவனமாக அளக்க வேண்டும். கீழ்க்கண்ட வரிசையைக் கைக்கொள்வது நலம்.

முதலாவது, இறப்புச் சான்றிதழ் பெறுதல். இரண்டாவது, தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் பெறுதல். இதற்கு இ-சேவை மையத்தின் வழியே மனுச் செய்யலாம். இச்சான்று யார் யார் வாரிசு என்று காட்டுமேயன்றி, யாருக்கு எவ்வளவு பங்கு என்று தீர்மானிப்பதன்று. மூன்றாவது, சொத்துப் பட்டியல். வீட்டுப் பத்திரம், நிலத்தின் பட்டா, வில்லங்கச் சான்று, நகை, தறியும் அதன் உபகரணங்களும், சங்கப் பங்குத் தொகை, சேமிப்பு நிதி, பாங்கி வைப்பு என எல்லாம் அதில் வர வேண்டும். நான்காவது, கடன் பட்டியல். வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பயிர்க்கடன், நகைக்கடன், நூல் வாங்கிய பாக்கி ஆகியவற்றைச் சொத்திலிருந்து முதலில் தீர்க்க வேண்டும். தமக்கு வந்த சொத்தின் மதிப்புக்கு மேல் வாரிசு தம் சொந்தக் கையிலிருந்து கொடுக்கக் கடமைப்பட்டவரல்லர்; ஆனால் அவரே கடனுக்கு ஜாமீன் கையொப்பமிட்டிருந்தால் நிலைமை வேறு.

நியமனம் இல்லாத பாங்கித் தொகை, கடன் பத்திரம் முதலியவற்றைப் பெற, கோர்ட்டிலிருந்து வாரிசுரிமைச் சான்றிதழ் கேட்கப்படலாம். இது தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிலிருந்து வேறானது. பெயர் ஒற்றுமையால் மயங்கி ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொண்டுபோய் அலைவோர் அநேகர்.

இப்பணிகள் நடக்கும் காலத்தில் தறி நிற்கவோ நிலம் கிடக்கவோ வேண்டியதில்லை. யார் நெய்வது, யார் உழுவது, வரவு செலவை யார் எழுதுவது என்று எல்லா வாரிசுகளும் கையொப்பமிட்ட தற்காலிக ஏற்பாடு ஒன்றைச் செய்துகொள்ளலாம். பட்டாவைத் தனி ஒருவர் பெயருக்கு மாற்ற விரைவது வேண்டாம். பட்டா மாறிவிட்டதனால் மட்டும் உரிமை மாறிவிடாது. சந்தேகம் மட்டும் வளரும்.

இறந்தவரின் விருப்பத்தை நிறைவேற்றும் வழி

காகிதம் சட்டத்தின் முன் செல்லாமல் போகலாம். ஆனால் அதில் ஒருவருடைய வாழ்நாள் அனுபவம் இருக்கிறது. இருபது ஆண்டு உடனிருந்து தறி ஓட்டிய மகனுக்குத் தறி வீடு வேண்டும் என்று அவர் எண்ணியதில் நியாயம் இருக்கலாம். அதே காகிதத்தில் மகளையும் விதவை மருமகளையும் மறந்ததில் அநியாயமும் இருக்கலாம். சட்டம் தருவது பின்னங்கள். வீட்டையும் கிணற்றையும் வைத்து வாழ வேண்டியவர்கள் மனிதர்கள். எனவே செல்லாத உயிலை வாரிசுகள் ஆணையாக அன்று, ஆலோசனையாகக் கொண்டு, தம் சொந்தக் கையொப்பத்தால் அதில் நியாயமானதை நிறைவேற்றலாம். இதுவே நாம் வற்புறுத்த விரும்புவது.

எடுத்துக்காட்டுக்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். செல்லூரில் குழித்தறியுள்ள வீடு, மதிப்பு ரூ.18 லட்சம். மேலூர்ப் பக்கம் பெரியாறு பாசனத்தில் 120 சென்ட் நிலம்; சென்டுக்கு ரூ.20,000 வீதம் ரூ.24 லட்சம். வைப்பும் சேமிப்பும் ரூ.1,80,000. கடன் ரூ.60,000. கடன் போக மொத்தம் ரூ.43,20,000. எல்லாம் சுயார்ஜிதம். மனைவி, தாய், இரு மகன்கள், ஒரு மகள், முன்னரே இறந்த மற்றொரு மகளின் இரு சிறுவர்கள் ஆகியோர் வாரிசுகள். சட்டப்படி ஆறு பங்கு, பங்கொன்றுக்கு ரூ.7,20,000. சிறுவர்கள் இருவரும் ஒரு பங்கைப் பகிர்ந்து, ஆளுக்கு ரூ.3,60,000 பெறுவர். செல்லாத உயிலிலோ, வீடு இளையவனுக்கு, நிலம் மூத்தவனுக்கு, மகளுக்கு ரூ.1 லட்சம் என்று மட்டும் இருந்தது.

உயிலின்படியே கொடு என்று மகன்கள் கேட்க முடியாது. ஆறாக வெட்டு என்று மற்றவர்கள் வற்புறுத்தினால் தறி வீடு விற்பனைக்குப் போகும். இருபது இருபது சென்டாக நிலமும் சிதறும். அனைவரும் கூடிப் பேசி இவ்வாறு முடிவு செய்யலாம். சிறுவர்களுக்கு அவர்களுடைய பங்கு குறையாமல் ரூ.7,20,000 மதிப்புள்ள 36 சென்ட். மகளுக்கு 24 சென்டும், கடன் தீர்த்தபின் எஞ்சிய ரொக்கம் ரூ.1,20,000-மும், ஆக ரூ.6 லட்சம், மீதியை அவள் தானே மனமுவந்து விட்டுக்கொடுக்கிறாள். மூத்தவனுக்கு எஞ்சிய 60 சென்ட். இளையவனுக்கு வீடும் தறியும். மனைவியும் தாயும் தம் பங்கை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக ஆயுள் உள்ளவரை அவ்வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் இரு மகன்களும் மாதந்தோறும் தரவேண்டிய ஜீவனாம்சத்தையும் பெறுகின்றனர். கிணற்று நீரின் முறையும் வண்டிப் பாதையும் யாருக்கு எவ்வாறு என்பது எழுதப்படுகிறது. இதுதான் ஒரே நியாயமான ஏற்பாடு என்று நாம் சொல்லவில்லை. கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வழி பிறக்கும் என்பதைக் காட்டவே சொன்னோம்.

இதில் நான்கு எச்சரிக்கைகள் முக்கியமானவை.

ஒன்று: விட்டுக்கொடுப்பது தானாக வர வேண்டும். அண்ணன் வீட்டுக்குப் போக வர இருக்க வேண்டுமே என்ற அச்சத்தில் சகோதரி இடும் கையொப்பம் உண்மையான சம்மதமன்று. தம் பங்கின் மதிப்பு என்னவென்று அவருக்கு முதலில் சொல்லப்பட வேண்டும். பத்திரத்தை அவருக்கு முழுவதும் படித்துக் காட்ட வேண்டும். தனியே ஒரு வக்கீலைக் கேட்டு வர அவகாசமும் தர வேண்டும். இப்படிப் பெற்ற விடுதலைப் பத்திரத்தைத்தான் பிற்காலத்தில் யாரும் அசைக்க இயலாது.

இரண்டு: மைனருக்காக எவரும் விட்டுக்கொடுக்க முடியாது. இந்து மைனரின் ஸ்தாவர சொத்தை விற்கவோ பராதீனம் செய்யவோ, இயற்கைப் பாதுகாவலராயினும் 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோர்ட்டின் முன் அனுமதி பெற வேண்டும். அனுமதியின்றிச் செய்ததை, மைனர் வயது வந்தபின் எதிர்த்து ரத்துச் செய்விக்கலாம்.

மூன்று: எழுத்தில் வைத்து ரிஜிஸ்தர் செய்ய வேண்டும். வாய்மொழியாகவே முன்னர் முடிந்துபோன குடும்ப ஏற்பாட்டை நினைவுக்காக எழுதி வைக்கும் குறிப்புக்கு ரிஜிஸ்தர் தேவையில்லை என்று 1976-இல் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மை. ஆனால் அந்த எழுத்தே ஸ்தாவர சொத்தில் உரிமையை உண்டாக்குவதானால் ரிஜிஸ்தர் கட்டாயம். இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது. ஆகவே பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ எழுதிச் சார்பதிவாளர் முன் பதிவதே பாதுகாப்பு. குடும்பத்தாருக்குள் செய்யும் இப்பத்திரங்களுக்குத் தமிழ்நாட்டில் சலுகைக் கட்டணமும் அதற்கு உச்ச வரம்பும் உண்டு. நடப்பு விகிதத்தைச் சார்பதிவகத்திலேயே கேட்டறியலாம்.

நான்கு: பங்கு வந்தவுடன் அயலாருக்கு விற்க விரைய வேண்டாம். முதல் வகுப்பு வாரிசு ஒருவர், சேர்ந்து வந்த ஸ்தாவர சொத்திலோ தொழிலிலோ தம் பாகத்தை விற்க முன்வந்தால், அதை வாங்கிக்கொள்ள மற்ற வாரிசுகளுக்கு முன்னுரிமை உண்டு. இவ்விதி விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. தறி வீட்டைக் காப்பாற்ற விரும்பும் மகனுக்கு இது நல்ல துணை.

இணக்கம் ஏற்படாவிடில்

எவ்வளவு பேசியும் உடன்பாடு ஏற்படாத குடும்பங்களும் உண்டு. அவர்கள் உடனே ஒருவரையொருவர் பகைத்துக்கொண்டு கோர்ட்டு ஏற வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி மாவட்டந்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அமைந்துள்ளது; வட்டங்களிலும் குழுக்கள் உண்டு. வழக்குத் தொடுக்கும் முன்பே விவகாரத்தை லோக் அதாலத்துக்குக் கொண்டு செல்லலாம். அங்கு இரு தரப்பும் சம்மதித்துச் செய்யும் முடிவு சிவில் கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். அதற்கு அப்பீல் இல்லை. பெண்களுக்கு வருமான வரம்பு பாராது இலவசச் சட்ட உதவி உண்டு. இதை நமது சங்கத்துப் பெண் அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

அதிலும் தீராவிடில் பாகப்பிரிவினை வழக்கே வழி. உயிலைக் காட்டி உரிமை கோருபவர் அதை நிரூபிக்கட்டும். நிரூபிக்கத் தவறினால் கோர்ட்டு சட்டப்படி பங்கிடும். மதுரை வட்டாரச் சொத்தைப் பற்றிய இந்து உயிலுக்கு ப்ரொபேட் பெற்றே தீர வேண்டுமென்ற கட்டாயமில்லை. மேல் முறையீட்டுக்குச் சென்னைக்கு அலைந்த காலமும் போயிற்று. 2004 ஜூலை 24 முதல் உயர் நீதிமன்றத்தின் கிளை மதுரையிலேயே இயங்கி வருகிறது. ஆயினும் கோர்ட்டு பக்கத்தில் வந்துவிட்டதனால் வழக்கு குறுகிவிடாது. உரிமை மறுக்கப்பட்டது தெரிந்த பின் ஆண்டுக்கணக்கில் வாளாவிருப்பதும் தகாது. காலவரம்புச் சட்டம் காத்திருப்பவருக்காக நிற்பதில்லை.

இன்றே செய்யத் தக்கது

மேற்கூறிய சிரமங்கள் எல்லாம் அரைமணி நேர வேலையைச் செய்யாமல் விட்டதால் வருபவை. சொத்துள்ள ஒவ்வோர் அங்கத்தினரும், ஆணாயினும் பெண்ணாயினும், உடல் நலத்துடன் இருக்கும்போதே உயில் எழுதுவது நலம். ஒவ்வொரு சொத்தையும் சர்வே எண்ணுடனும் கதவு எண்ணுடனும் குறிப்பிடுக. எவருக்கேனும் குறைத்தோ விலக்கியோ எழுதினால் காரணத்தையும் ஒரு வரி எழுதுக. தம்மைவிட வயதில் இளையவரும், உயிலால் பயன் பெறாதவரும், உள்ளூரிலேயே இருப்பவருமான இருவரைச் சாட்சிகளாகக் கொள்க. அவர்கள் முன் கையொப்பமிட்டு, அவர்களும் தம் முன்னிலையில் ஒப்பமிடச் செய்க. பயன்பெறும் மகன் அவ்வேளையில் பக்கத்தில் இல்லாதிருப்பதே அவனுக்கு நன்மை. முடிந்தால் ரிஜிஸ்தர் செய்க. அது கட்டாயமன்றாயினும், காகிதம் காணாமற்போகாமல் காக்கும். உயில் எங்கே இருக்கிறது என்று நம்பிக்கையானவர் ஒருவருக்குச் சொல்லி வைக்க. சங்கத்திலும் பாங்கியிலும் உள்ள நியமனங்களையும் உயிலோடு ஒத்திருக்கும்படி திருத்துக.

எழுதாமலே பெரியவர் போய்விட்டால், அல்லது எழுதியது செல்லாமற் போனால், அவர் விட்டுச் சென்ற தறியும் நிலமும் ஓயாமல் இருக்கச் செய்வது வாரிசுகளின் பொறுப்பு. சட்டம் குறித்த பங்கை ஒவ்வொருவருக்கும் வெளிப்படையாகச் சொல்லி, அதன்பின் யார் எதை விட்டுக்கொடுப்பது என்று பேசும் குடும்பம் பெரும்பாலும் கோர்ட்டு ஏறுவதில்லை. பங்கை மறைத்துவிட்டுப் பாசத்தைப் பேசும் குடும்பமே ஏறுகிறது.

அடுத்த பொதுக்கூட்டத்தின்போது நம் சங்கங்கள் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கி, சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வக்கீல் ஒருவரை அழைத்து, அங்கத்தினர்களின் ஐயங்களைத் தீர்க்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.